பத்துக்கு ஒண்ணு

இடுப்பு எலும்பு உடைந்ததில் கண்டக்டரம்மாவுக்கு வருத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் மருமகளுடைய வார்டில் வந்து படுக்கக் கொடுத்துவைத்ததே என்று அந்த வருத்தத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொன்னாள்.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். படியில் தொங்குகிறவனை அதட்டியே உள்ளே ஏற்றிய தொண்டை. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததுமே, இந்த முதியோர் வார்டை நடத்தும் டாக்டர் தன் மருமகள் என்பதை வார்டு முழுவதற்கும் அறிவித்துவிட்டாள். கேட்டவர்களுக்கு ஒரு தடவை, கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை.

"கல்யாணமானப்ப அவ படிச்சிட்டிருந்தா. சொந்தக்காரங்க எல்லாம் வந்து, இன்னும் என்ன படிப்பு வேண்டிக்கிடக்குன்னு கேட்டாங்க. அவ படிக்கட்டும், சோறு நான் வடிக்கறேன், உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டுப் போயிட்டாங்க."

இதில் கொஞ்சம் சேர்மானம் உண்டு. சோறு வடித்தது பெரும்பாலும் அவளுடைய புருஷன்தான். அந்த மனுஷன் இப்போது உயிரோடு இல்லாததால் மறுத்துப் பேச ஆளில்லை. ஆனால் சொந்தக்காரர்களை வாயடைத்தது நிஜம். அந்த மட்டுக்கு அவள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பெருமைப்படவும் விஷயம் இருந்தது. முன்பெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் வயதானவர்களை எந்த மூலையில் கட்டில் காலியோ அங்கே போடுவார்கள். காது கேட்காதவர்களிடம் கத்துவார்கள், நன்றாகக் கேட்பவர்களிடமும் கத்துவார்கள். உடம்புக்கு என்ன என்று நோயாளியிடம் கேட்காமல் கூட வந்தவரிடம் கேட்பார்கள். கழிவறைக்கு எழுந்துபோய் வழுக்கி விழுந்தால், "இந்த வயசுல தனியா எதுக்கு எந்திரிச்சீங்க" என்று திட்டு வேறு விழும். என்னவோ அந்த வயதில் மூத்திரம் வருவதே தப்பு என்கிற மாதிரி.

இதை மாற்ற மருமகள் அலையாத அலைச்சல் இல்லை. ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்று, கடைசியில் மாடிக் கோடியில் இருந்த பழைய வார்டு ஒன்றை வாங்கினாள். கட்டில்களின் உயரத்தைக் குறைத்தாள். கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தாள். நடக்கப் பழக்குவதற்கென்றே ஒரு பிசியோவைக் கேட்டு வாங்கினாள். நோயாளிகள் அவருக்கு நடைவாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேளாவேளைக்கு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்து ஒரு கேள்வி கேட்க ஏற்பாடு செய்தாள்.

"வலி பத்துக்கு எவ்வளவு? வலியே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து."

வலிக்கிறதா என்று வீட்டில்கூட யாரும் கேட்காத பெண்கள் சிலர் அந்த வார்டில் இருந்தார்கள். முதல் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஒருத்தி அழுதே விட்டாள்.

வம்பு அந்தக் கேள்வியில்தான் வந்தது.

ஒருநாள் காலை கண்டக்டரம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று மருமகள் சிஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் பெரிய டாக்டர் வர்றார். கூட ஒரு குழுவும் வருது. தனி வார்டு வச்சதுல வலி குறைஞ்சிருக்குன்னு காட்டணும். நம்பர் எறங்கினா வார்டு நிக்கும். இல்லன்னா பழையபடி எல்லாரையும் மூலைக்கு மூலை பிரிச்சுப் போட்டுடுவாங்க."

சொல்லும்போது அவள் குரல் கம்மிப்போனது. கண்டக்டரம்மாவுக்கு மனசு பதைத்துப்போயிற்று. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை எவனோ வந்து கலைப்பதா? ஆனால் கேட்டதில் ஒரு நல்ல சேதியும் இருந்தது. நம்பர் இறங்கினால் போதுமாம். நம்பர் யார் வாயிலிருந்து வருகிறது? இதோ படுத்திருக்கும் நம் வாயிலிருந்துதானே!

மருமகள் அந்தப் பக்கம் போனதும் கண்டக்டரம்மா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே சிஸ்டர் வந்து கேட்டா ஒண்ணு. ரொம்ப முடியலன்னா ரெண்டு. அதுக்கு மேல யாரும் போகக் கூடாது."

எதிர்க் கட்டிலில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். ஆயுசு முழுக்க அடுத்தவர் கடிதங்களைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தவள்.

"நேத்து நான் ஏழு சொல்லியிருக்கேனே. இன்னைக்கு ஒண்ணுன்னா தப்புன்னு தெரிஞ்சுடாதா?"

"படிப்படியா எறங்குங்க. இன்னைக்கு நாலு, நாளைக்கு ரெண்டு. ஓடற பஸ்ஸுல இருந்தா குதிக்கச் சொல்றேன்?"

"எதுக்குங்க இதெல்லாம்?"

கண்டக்டரம்மா விஷயத்தைச் சொன்னாள். பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து வெங்காயக்கா வாய் திறந்தாள். சந்தையில் வெங்காயக் கடை வைத்திருந்தவள். தொடை எலும்பு உடைந்து, கண்டக்டரம்மாவுக்கு முந்தியே வந்து படுத்தவள்.

"அந்தப் பொண்ணு நம்மகிட்ட நின்னுக்கிட்டுப் பேசினதில்ல. பக்கத்துல உக்காந்துதான் பேசும். அதுக்காக இதுகூடச் செய்ய மாட்டோமா? நான் ஒண்ணுன்னே சொல்றேன்."

அவ்வளவுதான், வார்டே அவள் பின்னால் வந்துவிட்டது. கண்டக்டரம்மாவின் அதட்டலுக்குப் பயந்து யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மேல் இருந்த பிரியத்தில் ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் விஷயம் இன்னும் மோசமாகப் போயிற்று. பயத்தில் சொல்லும் பொய்யை எங்காவது கோட்டை விட்டுவிடுவார்கள். பிரியத்தில் சொல்லும் பொய்யை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள்.

நம்பர்கள் மளமளவென்று இறங்கின. மருமகளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நடைக்கே ஒரு துள்ளல் வந்தது. கண்டக்டரம்மா அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். இடுப்பில் கடப்பாரை இறங்குகிற மாதிரி வலித்தபோதும், "ஒண்ணும்மா, ஒண்ணே ஒண்ணு" என்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.

நடைவாத்தியாருக்குத்தான் புரியவில்லை. "வலி ஒண்ணுங்கறீங்க. ஆனா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்கறீங்களே?"

"அது சோம்பேறித்தனம் தம்பி. வலி வேற, சோம்பேறித்தனம் வேற."

அடுத்த அடி யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து விழுந்தது. மருமகள் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துவிட்டு, நடுவில் நின்று சிஸ்டரிடம் சொன்னாள்.

"எல்லாருக்கும் வலி நல்லா கம்மியாயிடுச்சு. இனி இவ்வளவு மாத்திரை எதுக்கு? பகல்ல தூக்கமா இருக்கு, மலச்சிக்கல் வேற. வயசானவங்களுக்குத் தேவைக்கு மேல குடுக்கவே கூடாது. பாதியாக் குறைச்சிடலாம்."

மற்ற பதினோரு கட்டில்களும் கண்டக்டரம்மாவைப் பார்த்தன. கண்டக்டரம்மா விட்டத்தைப் பார்த்தாள். வினையை விலை கொடுத்து வாங்கியாகிவிட்டது, திருப்பிக் கொடுக்க முடியாது. வாயைத் திறந்தால் மருமகளின் கணக்கு குப்புற விழும். "கொஞ்ச நாள்தான், பல்லைக் கடிச்சிக்கங்க" என்று மட்டும் சொன்னாள். கடித்தார்கள். பல் இல்லாதவர்கள் தலையணை ஓரத்தைக் கடித்தார்கள்.

பெரிய டாக்டர் வருகிற நாளும் வந்தது. வார்டைத் துடைத்து, விரிப்புகளை மாற்றி, எல்லாருக்கும் தலை வாரிவிட்டிருந்தார்கள். மருமகள் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அவளைக் கண்டதும் கண்டக்டரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன நிமிர்வு! என்ன நிதானம்! சோறு வடித்தது வீண்போகவில்லை என்று, வடிக்காத சோற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் வெங்காயக்கா காப்பியைத் தொடாமல் இருப்பது கண்ணில் பட்டது. எப்போதும் டம்ளர் வைக்கும் முன்பே கை நீட்டுகிறவள்.

"ஏன், சூடு பத்தலையா?"

வெங்காயக்கா முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தாள். கண்டக்டரம்மா கட்டிலோரம் இருந்த வாக்கரை இழுத்துப் பிடித்து, இறைவா என்று எழுந்து, பக்கத்துக் கட்டிலுக்கு இரண்டு எட்டு வைத்துப் போய்ச் சேர்ந்தாள். நெற்றியைத் தொட்டால் கொதித்தது.

"எங்க வலிக்குது? சொல்லு."

"குதிகால்ல. ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு."

காலில் தடித்த காலுறை போட்டிருந்தாள். குளிருகிறது என்று வீட்டிலிருந்து வரவழைத்தது. சிஸ்டர் தினமும் காலைப் பார்க்க வரும்போதெல்லாம், "இப்பதான் இன்னொரு சிஸ்டர் பாத்துட்டுப் போனாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். கண்டக்டரம்மா காலுறையை மெல்ல உருட்டினாள். அது வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே பக்கமாகப் படுக்கையில் அழுந்தி அழுந்திக் குதிகால் கறுத்துப் போய், நடுவில் தோல் பிய்ந்து, சீழ் கோத்திருந்தது.

"அடிப் பாவி! இதை வச்சிக்கிட்டா ஒண்ணு ஒண்ணுன்னு சொன்னே?"

"கத்தாத. நீதானே சொல்லச் சொன்ன? அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். அந்தப் பொண்ணு முகத்துக்காக இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டேனா?"

கண்டக்டரம்மா காலுறையைக் கீழே போட்டாள். தன் வலியைத் தான் மென்று விழுங்கியது தன் பாடு. இவள் காலை அழுக விட்டது யார்? சிஸ்டரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. பெரிய டாக்டர், அவர் பின்னால் குழு, எல்லாருக்கும் முன்னால் மருமகள்.

பெரிய டாக்டர் தலை நரைத்தவர், கண்டிப்பானவர் என்று பெயர். எழுந்து நிற்கிற நோயாளியைக் கண்டதும் நேராக அவளிடமே வந்தார்.

"பரவாயில்லையே, நீங்களே எந்திரிச்சு நிக்கறீங்க. வலி பத்துக்கு எவ்வளவும்மா?"

மருமகள் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அந்தக் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. ஒண்ணு என்று ஒரு சொல். சொல்லிவிட்டால் வார்டு நிற்கும். கால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கப்படும். கண்டக்டரம்மா அந்தக் காலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எட்டு" என்றாள்.

மருமகளின் முகம் செத்துப்போயிற்று. "அத்தை..." என்று, ஆஸ்பத்திரியில் ஒருநாளும் கூப்பிடாத முறையில் கூப்பிட்டுவிட்டாள்.

"நேத்து வரைக்கும் ஒண்ணுன்னு சொன்னது பொய். நான் மட்டுமில்ல, இந்த மொத்த வார்டையும் அப்படிச் சொல்ல வச்சது நான்தான். நம்பர் எறங்கினாத்தான் வார்டு நிக்கும்னு காதுல விழுந்துச்சு. இவமேல ஒரு தப்பும் இல்ல, இவளுக்கு எதுவும் தெரியாது. என்னை என்ன வேணா சொல்லுங்க. முதல்ல இந்தக் காலைப் பாருங்க!"

அதன்பின் நடந்ததைக் கண்டக்டரம்மா சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். மருமகள் பெரிய டாக்டரைப் பார்க்கவில்லை. குழுவைப் பார்க்கவில்லை. தன் வார்டு போச்சே என்று ஒரு நொடி நிற்கவும் இல்லை. நேராக வந்து, கஞ்சி போட்ட கோட்டோடு தரையில் மண்டியிட்டு, வெங்காயக்காவின் காலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நாலஞ்சு நாளா இருக்கும் கண்ணு. உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னுதான்..."

"எனக்குப் பேர் எதுக்கும்மா? உங்க கால் வேணும் எனக்கு." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு சிஸ்டரிடம் வரிசையாகச் சொன்னாள்: சலைன், ஊசி, சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, அறுவை டாக்டரை உடனே வரச்சொல்வது, குதிகால் படுக்கையில் படாமல் காலைத் தூக்கி வைப்பது. பிறகு எழுந்து வார்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"வேற யாருக்கெல்லாம் வலி ஒண்ணு இல்ல?"

மடை திறந்துகொண்டது. ஒருத்திக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஒருத்திக்கு முதுகு குடைந்தது. மூலைக் கட்டிலுக்குப் பாதம் எரிந்தது. இன்னொருத்திக்குச் சுருக்கு சுருக்கென்று குத்தி, அப்புறம் மதமதவென்று ஆகிவிடுமாம். அது வலியில் சேருமா சேராதா என்று தெரியாமல் இத்தனை நாள் அதைச் சொல்லவே இல்லையாம். பத்துக்குள் அடங்காத வலியெல்லாம் வெளியே வந்தது. டைப்பிஸ்ட் அம்மா மட்டும் தன் முறை வரும் வரை காத்திருந்து, தெளிவாகச் சொன்னாள்.

"காலையில மாத்திரை தர்றதுக்கு முன்னாடியே நடக்கச் சொல்றாங்க. மாத்திரை வேலை செய்யற நேரத்துல படுத்துக் கிடக்கோம். வரிசை மாறிப்போச்சு டாக்டர்."

நடைவாத்தியார் தலையைச் சொறிந்தார். மருமகள் அவரைப் பார்த்தாள். "ஆமா. எல்லாரும் ஒண்ணுன்னு சொன்னதுல இது என் கண்ணுக்கே படல. நாளையிலிருந்து மாத்திரைக்கு அப்புறம்தான் நடை." பிறகுதான் பெரிய டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் உங்களுக்கு அனுப்பின கணக்கு தப்பு. வாயால சொன்னதை மட்டும் நம்பினேன், முகத்தைப் பார்க்கல. நடக்க முடியாதவங்க ஒண்ணுன்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும். பொறுப்பு என்னோடது. அத்தை மேல இல்ல."

கண்டக்டரம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கத்தையும் மிஞ்சிக்கொண்டு பெருமை பொங்கியது, அவளால் அடக்கவே முடியவில்லை. அவள் காப்பாற்ற நினைத்த கணக்கைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு நிற்கிறாள் இந்தப் பெண். இவளுக்குப் போய் பொய் நம்பர் கொடுத்து ஒத்தாசை செய்ய நினைத்தோமே! எவ்வளவு பெரிய மடத்தனம்!

பெரிய டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டார். எல்லாரும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அவர் முகம் என்னவோ போலாயிற்று. குழுவை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வார்டு போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

வெங்காயக்காவின் காலைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். கால் பிழைத்துக்கொள்ளும், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று அறுவை டாக்டர் சொன்னார். அதன்பிறகுதான் மருமகள் மாமியாரின் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

"நீ ஜெயிக்கணும்னுதான்."

"நீங்க எல்லாரும் வலியோட கிடக்கறப்ப நான் ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? உங்களுக்குக் கோபமே வரலையா எம்மேல? மாத்திரையைப் பாதியாக் குறைச்சேனே!"

"கோபம் எதுக்கு? ராத்திரியெல்லாம் வலியில முழிச்சிக்கிட்டு, என் மருமக எவ்வளவு கெட்டிக்காரின்னுதான் நெனச்சிக்கிட்டுக் கிடந்தேன்."

மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமியாரின் கையைப் பிடித்து, "இனிமே பொய் சொன்னீங்கன்னா ஊசி போட்டுடுவேன்" என்றாள். பிறகு இடுப்பைச் சுற்றி மெதுவாக அழுத்தி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கண்டக்டரம்மா, "ஐயோ, அங்கதாண்டி!" என்று வார்டே அதிரக் கத்தினாள். பதினோரு கட்டில்களிலும் சிரிப்பு. நல்ல நாளிலேயே கத்துகிறவள், இத்தனை நாள் அடக்கியதற்கும் சேர்த்துக் கத்தினாள்.

சாயங்காலம் பெரிய டாக்டர் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை குழு இல்லை, கோட்டு இல்லை. மருமகள் அப்போது கோடியில் யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் அங்கே போகாமல் கண்டக்டரம்மாவின் கட்டில் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார். பிறகு, பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை.

"இத்தனை வருஷமா ரவுண்ட்ஸ் போறேன். இன்னைக்கு மாதிரி யாரும் எங்கிட்ட வாய் திறந்ததில்ல. எல்லாரும் நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவாங்க. நானும் நம்பிட்டுப் போயிடுவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கம்மா வீட்டுல படுத்திருக்காங்க. எதைக் கேட்டாலும், ஒண்ணுமில்லப்பா, நீ போய் உன் வேலையைப் பாருங்கறாங்க. கால் வீங்கியிருக்கு, சாப்பாடு எறங்கல. நான் டாக்டர், எனக்கே சொல்ல மாட்டேங்கறாங்க. இங்க கொண்டுவந்து சேர்த்தா... இவங்களையெல்லாம் பாத்து... சொல்லுவாங்களா?"

கண்டக்டரம்மா அந்த நரைத்த தலையைப் பார்த்தாள். வார்டு போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது. என் மருமகள் என்று ஆரம்பித்தால் பொழுது விடியும் வரை சொல்லலாம். அவள் கையை நீட்டி, கோடியில் குனிந்து நின்ற வெள்ளைக் கோட்டைக் காட்டினாள்.

"அதை டாக்டர்கிட்ட கேளுங்க" என்றாள்.